நமீப் பல்லி பார்க்க யுவி டார்ச்: 365 நல்லதா, 395 போதுமா?

தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவன மணல்மேடுகளில் இரவில் உலவும் சவ்வுக்கால் பல்லி புற ஊதா (யுவி) ஒளியில் பச்சையாக ஒளிர்கிறது என்பது 2021-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அதை நேரில் பார்க்க டார்ச் வாங்குகிறவர்கள் 365 நானோமீட்டர் அலைநீள எல்இடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்க முகப்பில் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர், ஒற்றை 18650 (ரீசார்ஜ் செய்யும் லித்தியம்) பேட்டரி உள்ள கையடக்க வகையையே வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று 395 வாங்கினால் அது யுவியில் பளிச்சென்று ஒளிரும் தேள் பார்க்க மட்டுமே உதவும். அதன் ஊதா வெளிச்சம் நம் கண்ணுக்கே தெரிவதால் பல்லியின் மெல்லிய பச்சை அதில் மூழ்கிவிடும்.

வாங்கியதும் வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். தாளில் கலந்திருக்கும் வெண்மையூட்டி எந்த யுவி விளக்குக்கும் நீலமாக மின்னும். இருட்டில் வெறும் மணலில் அடியுங்கள். ஊதா வட்டம் பளிச்சென்று விழுந்தால் ஃபில்டர் சரியில்லை.

நல்ல டார்ச் இருந்தும் பலர் ஏமாறுவது டார்ச்சைப் பிடிக்கும் முறையில்தான். நின்றபடி மேலிருந்து அடித்தால் ஒன்றுமே தெரியாது. ஒளிரும் இடங்கள் இரண்டுதான்: கீழ்விலா ஓரமாக ஓடும் குறுகிய பட்டை, கண்ணைச் சுற்றிய வளையம். மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு மறைந்தும், அதே உயரத்தில் நிற்கும் இன்னொரு பல்லிக்குத் தெரிந்தும் இருக்கிற அமைப்பு இது. ஒன்றையொன்று கண்டுகொள்ள உதவலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பச்சோந்திகளில் ஒளிர்வது எலும்பு. இதிலோ தோலிலுள்ள இரிடோஃபோர் செல்கள், அதாவது ஒளியைத் திருப்பும் நுண்படிகங்கள் கொண்ட நிறச்செல்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆகவே முதலில் மங்கலான ஹெட்லாம்ப்பால் பல்லியைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதை அணைத்துவிட்டு, மணலில் முழங்காலிட்டு, ஓரிரு மீட்டர் தள்ளி, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். தலைப்பக்கம் திருப்பாமல் விலாவில் மட்டும் சில விநாடிகள் அடித்தால் போதும். இமையே இல்லாத கண் அது; மூடிக்கொள்ள வழியில்லை. மூடுபனி வந்தால் அந்தக் கண்மேல் படியும் நீர்த்துளிகளை நாக்கால் நக்கிக் குடிப்பதையும் பார்க்கலாம், அதற்கு யுவி தேவையே இல்லை. நம் கண்ணுக்கும் யுவி தடுக்கும் கண்ணாடி கட்டாயம், ஏனெனில் ஃபில்டர் போட்ட 365 எரிகிறதா இல்லையா என்றே சட்டென்று தெரியாது.

குறைகளும் உண்டு. 365 எல்இடி சீக்கிரம் சூடேறும், சூடேற ஏற ஒளி குறையும். விட்டு விட்டு அடியுங்கள். பாதுகாப்புச் சுற்று பொருத்திய 18650 சில மில்லிமீட்டர் நீளம் கூடுதல் என்பதால் சில டார்ச்சுகளில் மூடியை முழுதாகத் திருக முடியாது, அளவு பார்த்து வாங்குங்கள். பேட்டரியை மணல்மேட்டில் வைத்து மாற்றவே கூடாது. திருகுமரையில் நாலு மணல் துகள் புகுந்தால் ரப்பர் வளையம் அறுபடும், அடுத்த மூடுபனியில் உள்ளே ஈரம் இறங்கும்.