சாக்ரமெண்டோ புகலிடத்தில் வாத்து வேட்டை: இடம் பிரித்துக் கொடுக்கும் முறை எப்படி?

கலிஃபோர்னியாவில் சொந்த நிலமும் இல்லை, காசு கட்டி கிளப்பில் சேரவும் வழியில்லை, ஆனால் வாத்து வேட்டைக்குப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது வில்லோஸ் பக்கத்தில் ஐ-5 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் சாக்ரமெண்டோ தேசிய வனவிலங்குப் புகலிடத்தைத்தான். 1937-ல் தொடங்கிய இடம். நிலம் மத்திய அரசுடையது, வேட்டை நாட்களில் செக் ஸ்டேஷனில், அதாவது நுழைவுச் சாவடியில் உட்கார்ந்து பெர்மிட் கொடுப்பது மாநில மீன், வனவிலங்குத் துறை. சீசனில் புதன், சனி, ஞாயிறு மட்டும்தான் சுடலாம், அதுவும் புகலிடத்தின் ஒரு பகுதியில்தான். மற்ற இடமெல்லாம் பறவைகளுக்கு.

பறவைக்குப் பஞ்சமே இல்லை. சுற்றிலும் நெல் வயல், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வாத்தும் கூஸ் என்கிற பெருவாத்தும் லட்சக்கணக்கில் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இறங்குகின்றன. பஞ்சம் இடத்துக்குத்தான். கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் இருந்த சதுப்பு நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டது, மிச்சம் இருப்பதிலும் பெரும்பகுதி தனியார் கையில். அதனால் இந்தச் சேவையை மதிப்பிட எனக்கு ஒரே அளவுகோல்தான்: இவ்வளவு பேர் ஒரே குளத்துக்கு வரும்போது யார் எங்கே நிற்பது என்பதைச் சண்டை இல்லாமல் முடிவுசெய்கிறதா?

பெரும்பாலும் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. முன்கூட்டியே சின்னக் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் குலுக்கலில் பெயர் வரலாம். வந்தால் ஒரு வரிசை எண் கிடைக்கும், அந்த எண் வரிசையில்தான் அன்று காலை இடம் தேர்ந்தெடுக்க முடியும். சுடத் தொடங்கும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு, அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே குலுக்கலில் பெயர் வந்த ரிசர்வேஷன்காரர் செக் ஸ்டேஷன் ஜன்னல் முன்னால் நிற்க வேண்டும், தாமதமானால் முன்னுரிமை போய்விடும். ரிசர்வேஷன் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் பொது வேட்டை இடங்களில் சிலவற்றில் அதற்குத் தனிக் குலுக்கல், சிலவற்றில் வண்டியிலேயே படுத்துக் காத்திருக்கும் வரிசை, அதைத்தான் இங்கே எல்லோரும் ஸ்வெட் லைன் என்பார்கள். பணக்காரருக்கு ஒரு வழி, மற்றவருக்கு ஒரு வழி என்பது இங்கே கிடையாது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

விதிகளைப் படித்துப் பார்த்தால் எழுதியவர் களத்தில் நின்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று தெரியும். வேட்டைப் பகுதிக்குள் நடந்துதான் போக வேண்டும், சைக்கிள்கூடக் கூடாது. வண்டியைக் குறித்த பார்க்கிங்கில்தான் நிறுத்த வேண்டும், நடுவழியில் நிறுத்தி ஆளையோ மூட்டையையோ இறக்கிவிடக் கூடாது. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இந்த விதி இல்லையென்றால் ஒருவர் வண்டி ஓட்ட, இன்னொருவர் குளத்தோரம் குதித்து ஓடி இடம் பிடிக்க, பின்னால் நேர்மையாக, பறவைகளை ஏமாற்றி இறக்குவதற்கான பொம்மை வாத்துகளைக் கைவண்டியில் இழுத்துக்கொண்டு நடந்து வருபவர் ஏமாந்து நிற்பார். அப்புறம் ஒருவர் களத்துக்குள் 25 தோட்டாவுக்கு மேல் எடுத்துப் போகக் கூடாது. புதிதாக வருபவர்கள் இதைக் குறை சொல்வார்கள். எனக்கு இது மிகவும் தேவையான விதி. தோட்டா எண்ணிக்கை கட்டுப்பட்டால்தான் எட்டாத உயரத்தில் பறப்பதைப் பார்த்துச் சும்மா வெடிக்கிற பழக்கம் குறையும்.

இடம் இரண்டு மாதிரி. ஒதுக்கப்பட்ட இடத்தில் உங்களுக்கென்று ஒரு மறைவிடமோ அடையாளக் கம்பமோ இருக்கும். இடைவெளி விட்டு ஒதுக்கிய பகுதியில் அந்தக் கம்பத்திலிருந்து 100 அடிக்குள்தான் நிற்க வேண்டும், பொம்மை வைக்கவும் விழுந்த பறவையை எடுக்கவும் மட்டும் தாண்டலாம். அங்கே தகராறுக்கு இடமே இல்லை. இன்னொன்று ஃப்ரீ ரோம், அதாவது பகுதிக்குள் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கலாம். அரசாங்கத்தின் வேலை பார்க்கிங்கோடு முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் எல்லாம் நம் நடத்தைதான்.

ஃப்ரீ ரோமில் அனுபவப்பட்டவர்கள் கடைப்பிடிக்கும் முறை எளிது. முதலில் போய் நின்றவருக்கு அந்த இடம். இருட்டில் யாராவது நாணலுக்குள்ளிருந்து விளக்கை அடித்துக் காட்டினால் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அர்த்தம், உடனே திரும்பி வேறு பக்கம் போக வேண்டும், முணுமுணுக்காமல். அருகில்தான் நிற்க வேண்டிய நிலை என்றால் நேராகப் போய்ப் பேசிவிடுவது நல்லது, நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துச் சுடுவீர்கள், நான் எந்தப் பக்கம் என்று. பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். பாதுகாப்புக்கும் அதுதான் சரி.

இதைவிட முக்கியமானது சுடத் தொடங்கிய பிறகு. பக்கத்துக் குளத்துக்காரர் வாத்துக் குரல் எழுப்பும் ஊதலை ஊதி அழைக்க, ஒரு கூட்டம் இரண்டு சுற்றுச் சுற்றிக் கீழே வந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். அது அவருடைய பறவை. அது உங்கள் தலைக்கு மேல் 60 கஜத்தில் திரும்பும்போது நீங்கள் சுட்டால் உங்களுக்கும் கிடைக்காது, அவருக்கும் கிடைக்காது. இரும்புக் குண்டுக்கு 40 கஜத்துக்கு மேல் நம்பிக்கை இல்லை, பட்டாலும் பறவை காயத்தோடு எங்கோ போய் விழும். மூன்று மணிக்கு எழுந்து, உறைகிற தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்ற ஒரு மனிதரின் காலைப் பொழுதை ஒரு வெடியில் கெடுப்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் விடிந்ததிலிருந்து இதையே செய்த ஒரு நாளில் நான் எட்டு மணிக்கே மூட்டை கட்டிவிட்டேன். இதற்குப் புகலிடத்தைக் குறை சொல்ல முடியாது, எத்தனை விதி எழுதினாலும் இதைப் பிடிக்க முடியாது.

அதிகம் பேர் யோசிக்காத ஒன்று, வெளியேறுவது. உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, ஒரு குழு செக் ஸ்டேஷனில் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் காத்திருப்பவர்களில் அடுத்தவர் உள்ளே போக முடியும். ஒரு நாளுக்கு ஏழு வாத்து என்ற வரம்பு ஒன்பது மணிக்கே நிறைந்துவிட்டதா, நல்லது, அதிர்ஷ்டசாலி, ஆனால் பார்க்கிங்கில் நின்று காபி குடித்துப் படம் எடுத்துக்கொண்டு பதினொன்று மணிக்குப் போய்ப் பெர்மிட் கொடுக்காதீர்கள். இரவு முழுக்க வண்டியில் படுத்திருந்த ஒருவர், சில சமயம் பத்து வயதுப் பிள்ளையோடு, உங்கள் அந்த ஒரு அட்டைக்காகத்தான் காத்திருக்கிறார். கதையெல்லாம் பெர்மிட்டைக் கொடுத்த பிறகு பேசலாம்.

ஒரே ஒரு கருத்து வேறுபாடு. வெளியே வரும்போது பறவைகளை இனவாரியாக எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள், ஒவ்வொரு வேட்டை நாளின் சராசரியையும் துறை வெளியிடுகிறது. வெளிப்படைத்தன்மை நல்லதுதான். ஆனால் போன சனிக்கிழமை எண்ணிக்கை நன்றாக இருந்த இடத்துக்கு அடுத்த சனிக்கிழமை ஊரே திரண்டு வரும். அந்த எண்ணைப் பார்த்து இடம் தேடுவதைவிட, பொம்மைகளைக் குறைத்துக்கொண்டு இன்னும் அரை மைல் நடப்பது மேல்.

வசதிகள் சுமார், ஆனால் போதும். செக் ஸ்டேஷன் பார்க்கிங்கில் வண்டியிலேயே இரவு தங்கலாம், சமைக்க கேஸ் அடுப்பு மட்டும்தான், விறகு மூட்டக் கூடாது. வேட்டை உரிமம், மத்திய அரசின் வாத்து முத்திரை (டக் ஸ்டாம்ப்), மாநில அனுமதி, நுழைவுப் பாஸ் எல்லாம் கையில் இருக்க வேண்டும். முத்திரைக்கு 25 டாலர், அந்தப் பணம் சதுப்பு நிலம் வாங்கத்தான் போகிறது. தோட்டா ஈயமில்லாததாக இருக்க வேண்டும்.

நம் ஆட்களில் சிலருக்கு இங்கே சுடுவது உறுத்தலாம். வேடந்தாங்கலுக்குக் குளிர்காலத்தில் வரும் அதே ஊசிவால் வாத்து இனம்தான் இங்கேயும் வருகிறது, 1972 சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் அதைத் தொட முடியாது. அவர்கள் துப்பாக்கி இல்லாமலே வரலாம், புகலிடத்தில் பறவை பார்ப்பதற்கென்றே வண்டிப் பாதை இருக்கிறது, ஊசிவால்களும் வெள்ளைப் பெருவாத்துகளும் ஆயிரக்கணக்கில் ஒன்றாக எழும்புவதைப் பார்க்கலாம்.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். முதல் தடவை போகிறவர்கள் முடிந்தால் புதன்கிழமை போங்கள், கூட்டம் சனிக்கிழமை மாதிரி இருக்காது, ஒதுக்கப்பட்ட இடமாகவே கேளுங்கள். ஃப்ரீ ரோமுக்கு அடுத்த முறை, முடிந்தால் பழக்கப்பட்ட ஒருவரோடு.