இரண்டு தடவை டிப்ஸ் வாங்கிய பப்: போக்கோனோ பக்கம் போகிறவர்கள் கவனத்துக்கு

அக்டோபரில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க நியூ ஜெர்சியிலிருந்து பென்சில்வேனியா பக்கம் போகிற நம் ஆட்கள் நிறைய. நாங்களும் போனோம். ரூட் 80 பிடித்து, டெலவேர் வாட்டர் கேப் தாண்டி, போக்கோனோ மலைப்பக்கம் ஒரு சிறிய ஊர். நான், மனைவி, மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், கூட நண்பனும் அவன் மனைவியும். மொத்தம் ஆறு பேர். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வித்தையை வேறு ஊர்களிலும் செய்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதனால் பெயரைவிட அது எப்படி நடந்தது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

பழைய செங்கல் கட்டடம். உள்ளே விறகு எரிகிற கணப்பு, மரப் பெஞ்சு, மஞ்சள் பல்பு. இந்த மாதிரி இடங்களை காஸ்ட்ரோபப் என்கிறார்கள். 1991இல் லண்டனில் 'தி ஈகிள்' என்ற பப்பில் நல்ல சமையலையும் சேர்த்து ஆரம்பித்ததிலிருந்து பரவிய பெயர். பீருக்குத் தொட்டுக்கொள்ள வறுவல் என்பது போய், சாப்பாட்டுக்காகவே ஆள் வருகிற பப். குளிரிலிருந்து உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மெனுவைத்தான் படிக்க முடியவில்லை. அவ்வளவு மங்கலான வெளிச்சம். மகன் போனில் டார்ச் அடித்துக் காட்டினான்.

பரிமாற வந்த பெண் நல்ல சிரித்த முகம். இன்றைய ஸ்பெஷல் என்று ஏதோ ஒரு வெண்ணெய்ச் சாஸில் ட்ரவுட் மீன் இருப்பதாக ஒரே மூச்சில் ஒப்பித்தாள். விலை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்ற முக்கிய உணவெல்லாம் 17 முதல் 22 டாலருக்குள் இருந்தது, இதுவும் அந்தப் பக்கம்தான் இருக்கும் என்று நினைத்தேன். பில்லில் 46 என்று வந்தது. இது முழுக்க என் தப்பு, யாரையும் குறை சொல்லவில்லை.

மாமியார் விஷயம் அப்படியில்லை. அவர் சைவம். மெனுவில் 'மொறுமொறு பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ், மேப்பிள் சிரப்புடன்' என்று மட்டும் போட்டிருந்தது, குட்டி முட்டைக்கோஸ் மாதிரி ஒரு காய். இறைச்சி, மீன், முட்டை எதுவும் கூடாது என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தோம், அவளும் தலையாட்டினாள். தட்டு வந்தது. நாலு வாய் சாப்பிட்ட பிறகு மாமியார், "என்ன மாப்பிள்ளை, வெங்காயத்தைக் கருக்கிட்டாங்களா?" என்று ஒரு துண்டை எடுத்து நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். பேக்கன், பன்றி இறைச்சிதான். வெங்காயம்தான் என்று சொல்லித் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அந்தப் பொய் சரியா என்று மனைவிக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அது மேலே தூவுவதுதான், வேண்டுமானால் பொறுக்கி எடுத்துத் தருகிறேன்" என்றாள். அந்த 13 டாலரை பில்லில் கழிக்கவும் இல்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். காகித பில் வரவே இல்லை. கையடக்கக் கருவி ஒன்றை நீட்டினாள். திரையில் மொத்தம் 234.74 என்று மட்டும். கார்டைத் தொட்டதும் 18, 20, 25 சதவீதம் என்று மூன்று பொத்தான். அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், பின்னால் அடுத்த கூட்டம் மேஜைக்குக் காத்திருக்கிறது. 20ஐ அழுத்தினேன். ரசீது மெயிலுக்கு வரும் என்றாள்.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நின்றபோதுதான் ரசீதைத் திறந்தேன். சாப்பாடு 180.00. மாநில விற்பனை வரி 6 சதவீதம், 10.80. அதற்குக் கீழே 'எஸ்.சி. 20%' என்று 36.00, அதாவது சர்வீஸ் சார்ஜ். அதற்கும் கீழே 'நான்-கேஷ் 3.5%' என்று 7.94, ரொக்கமாக இல்லாமல் கார்டில் கொடுப்பதற்கான கூடுதல் கட்டணம். இவ்வளவுக்கும் மேல்தான் நான் அழுத்திய 46.95. மொத்தம் 281.69. சேவைக்கென்று மட்டும் 82.95 கொடுத்திருக்கிறேன், சாப்பாட்டு விலையில் 46 சதவீதம். வரிக்கும் கார்டு கட்டணத்துக்கும்கூட டிப்ஸ் கொடுத்த புண்ணியவான் நான்தான்!

மறுநாள் போன் செய்தேன். ஆறு பேருக்கு மேல் வந்தால் 20 சதவீதம் தானாகச் சேரும், மெனுவிலேயே போட்டிருக்கிறோம் என்றார் மேலாளர். ஆறு பேர்தானே வந்தோம் என்றேன். ஆறும் சேர்த்துத்தான் என்றார். அவர்கள் தளத்தில் மெனுவைத் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கம், பச்சை முட்டை, வேகாத இறைச்சி பற்றிய எச்சரிக்கைக்கும் கீழே, பொடி எழுத்தில் இருந்தது. சரி, 20 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று தெரிந்தும் கருவி ஏன் மறுபடி டிப்ஸ் கேட்கிறது? "அது உங்கள் விருப்பம், நீங்கள்தானே அழுத்தினீர்கள்." இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பெண் மீது எனக்குக் கோபம் இல்லை. பென்சில்வேனியாவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2.83 டாலர்தான். மிச்சத்தை நம் தலையில் கட்டுகிறார்கள். கூட்டாட்சி வருமான வரித்துறைக் கணக்கில், கடை தானாகச் சேர்க்கிற சர்வீஸ் சார்ஜ் டிப்ஸே இல்லை, அது கடையின் வருமானம். அதனால் அந்த 36 டாலரில் அவள் கைக்கு எவ்வளவு போனது என்று ரசீதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தக் கணக்கு தெரிந்த பிறகுதான் எனக்கு எரிச்சல் அதிகமானது.

ஒரு இடத்தில் மட்டும் பிடி கிடைத்தது. நான் கொடுத்தது விசா டெபிட் கார்டு. விசா விதிப்படி டெபிட் கார்டுக்கு இப்படிக் கூடுதல் கட்டணம் போடவே கூடாது. கிரெடிட் கார்டாக இருந்தாலும் 2023 ஏப்ரலிலிருந்து உச்சவரம்பு 3 சதவீதம், இவர்கள் போட்டது 3.5. வாசலிலும் கல்லாவிலும் அறிவிப்பு வைக்க வேண்டும், அதையும் நாங்கள் பார்க்கவில்லை. இரண்டாவது போனில் இதைச் சொன்னதும் மேலாளரின் குரல் மாறிவிட்டது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கார்டை எடுக்கும் முன் வரி வரியாக அச்சடித்த பில்லைக் கேளுங்கள். கருவி திரையில் 'கஸ்டம்' என்று சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும், அதில் பூஜ்ஜியம் போடலாம். யார் நின்று பார்த்தாலும் பார்க்கட்டும். வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் பேக்கன் உண்டா என்று பெயர் சொல்லியே கேளுங்கள், உருளை வறுவல் எந்தக் கொழுப்பில் பொரிக்கிறது என்றும் சேர்த்து. மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிற கடைகள் இருக்கின்றன.

நாலாவது நாள் 7.94 திரும்பி வந்தது. 46.95 வரவில்லை. ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி மெயில் மட்டும் இதுவரை மூன்று வந்துவிட்டது.