இசையியலா, இன இசையியலா? ஆய்வுக்கு எதை எடுப்பது?

என் சாய்வு இன இசையியல் பக்கம், எடுத்ததும் அதைத்தான். இசையியல் நூலையும் சுவடியையும் பார்க்கும், இன இசையியல் பாடுகிறவரையும் அவர் ஊரையும் பார்க்கும் என்ற பாலபாடத்தைத் தாண்டிவிடலாம்.

இசையியலில் முதல் தடை மொழி. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' (1904) என்ற இசை நூல் தெலுங்கில். வேங்கடமகியின் 'சதுர்தண்டி பிரகாசிகை' சமஸ்கிருதம். குடுமியான்மலை இசைக் கல்வெட்டு கிரந்த எழுத்தில். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்குள் போனால் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிப்பது வேறு, பாடபேதம் (சுவடிக்குச் சுவடி மாறும் சொற்கள்) பார்த்து முடிவு சொல்வது வேறு. ஆனால் ஒரு நிம்மதி: மூலம் ஓரிடத்தில் இருக்கிறது. இன்று தப்பாகப் படித்ததை அடுத்த வருடம் திருத்தலாம். சுவடி வேலையை அருகிலிருந்து பார்த்த அளவில் சொல்வது இது. அதிலேயே ஊறியவர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம். வேலைவாய்ப்பிலும் இசையியலுக்கே வழி நேர்: கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் இசைக்குப் பாடம் உண்டு, இன இசையியலுக்குத் தனியாக இல்லை.

இன இசையியலில் மூலத்தை நீங்களேதான் உண்டாக்க வேண்டும். தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது அந்த மூலத்தின் பராமரிப்புதான், ரசனையெல்லாம் அப்புறம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ வேவ் கோப்பு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும். எட்டு மணி நேரத் தெருக்கூத்துக்கு 8 ஜிபிக்கு மேல். பல பதிவுக் கருவிகள் 2 ஜிபி ஆனதும் கோப்பைத் தாமாகவே உடைத்துவிடும்; அன்றிரவே வரிசைப்படி பெயர் வைக்காவிட்டால் எந்தத் துண்டு எதற்குப் பின் என்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். கருவியின் கடிகாரத்தையும் நம்ப முடியாது, பேட்டரி செத்தால் தேதி மாறிவிடும். அதனால் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஊர், தேதி, பாடுபவர் பெயர் மூன்றையும் வாயாலேயே சொல்லிவிடுங்கள். தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள்: பறை அடி விழும்போது அளவு இறங்கும், அடி நின்றதும் குரல் பொய்யாக வீங்கும். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தால் தவிலும் நாகசுரமும் கிழியாது. வாட்ஸாப்பில் வாங்கிய கோப்பை மூலப்பதிவாக எண்ணவே வேண்டாம். அது பெரும்பாலும் சுருக்கப்பட்டது, இழந்த ஒலி திரும்பாது.

பிரதி மூன்று வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில். கூடவே ஒப்புதல் விவரம். ஒப்பாரி பாடிய பாட்டி ஆய்வுக்குச் சம்மதித்தார் என்றால் யூடியூபுக்கும் சம்மதித்தார் என்று ஆகாது; எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்பதைப் பதிவிலேயே கேட்டு வாங்குங்கள். அடுத்து, எழுதும் வேலை. ஈலன் என்ற மென்பொருளில் வரிகளை நேரத்தோடு கட்டலாம், சோனிக் விஷுவலைசர் என்ற மென்பொருளில் சுருதிக்கோடு (சுருதி ஏறி இறங்குவதைக் காட்டும் வரைகோடு) எடுக்கலாம். உடுக்கையோ கூட்டமோ குறுக்கிட்டால் அந்தக் கோடு தாறுமாறாகத் தாவும். காதால் சரிபார்க்காமல் அதை ஆய்வேட்டில் ஒட்டாதீர்கள்.

இத்தனை சள்ளையும் எதற்கென்றால், டச்சு இசை ஆய்வாளர் ஆர்னால்ட் பாக்கே 1938இல் தென்னிந்தியாவில் பதிந்ததை இன இசையியலாளர் நசீர் ஜெய்ராஸ்பாய் 1984இல் திரும்பிவந்து மறுஆய்வு செய்ய முடிந்ததே, அதற்காக. பதிவு பிழைத்திருந்ததால்தான் எது மாறியது, எது நின்றது என்று ஒப்பிட முடிந்தது. ஏட்டை மட்டும் வைத்து ஒரு கலைஞரின் குரலில் நேர்ந்த மாற்றத்தைப் பிடிக்க வழியே இல்லை. என் சாய்வுக்குக் காரணம் இதுதான்.

இரவு பதினோரு மணிக்குக் களைத்து வந்து கோப்புக்குப் பெயர் வைக்கப் பொறுமை இல்லாதவர் இசையியலுக்கே போகலாம், குறைச்சல் ஒன்றுமில்லை. இன இசையியல்தான் என்றால், சேருமுன் நெறியாளரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பட்டம் வாங்கியபின் என் பதிவுகள் எங்கே இருக்கும்? துறை அலமாரி என்று பதில் வந்தால், 1982இல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இன இசையியல் ஆவணக்காப்பகம் போன்ற இடத்தில் ஒப்படைக்க முதல் வருடமே பேசி வைப்பது நல்லது. யார் கேட்கலாம், யார் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையும் ஒப்படைக்கும்போதே எழுத்தில் இருக்கட்டும்.