எடைச்சீட்டு நிரலுக்குப் பணம் கொடுக்கும் முன்

கோத்தகிரி வட்டாரத்தில் பச்சைத் தேயிலை கொள்முதல் செய்பவர்கள் கவனத்திற்கு. எடைச்சீட்டு அச்சடிக்கவும் மாதக் கணக்குப் பார்க்கவும் மலிவாக நிரல் எழுதித் தருவதாக ஒருவர் கொள்முதல் மையங்களில் ஏறி இறங்குகிறார். எங்களிடம் முழுத் தொகையையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார்.

விண்டோஸோடு வரும் பவர்ஷெல் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தார். அதில் குறையில்லை, விண்டோஸ் கணினியில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் வந்த சீட்டைப் பார்த்ததும் விவசாயிகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மாதன் 42’; எடைக்கு உரிய இடத்தில் எண்ணே இல்லை, ‘கிலோ’ மட்டும். கணினி ஒரு பிழையும் காட்டவில்லை. இலையைக் கொட்டிவிட்டு எடை இல்லாத சீட்டோடு யார் வீட்டுக்குப் போவார்?

அவரைக் கேட்டால், கணினி பழையது, மாற்றினால் சரியாகும் என்றார். புதியதையும் தானே வாங்கித் தருவாராம்!

நிரலைத் திறந்து பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. சீட்டு அச்சிடும் ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யப் பெயரிட்டு வைத்த நிரல் துண்டு), எடைச்சீட்டு("மாதன்", 42) என்ற வடிவில் அழைத்திருக்கிறார். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய வேறு நிரல்மொழிகளில் இது சரி. பவர்ஷெல்லில் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளை இடைவெளி விட்டுத்தான் பிரிக்க வேண்டும். கமா போட்டால் இரண்டும் ஒரே பட்டியலாகிப் பெயருக்கான இடத்துக்குள் புகுந்துவிடும். எடைக்கான இடம் காலி. எடைச்சீட்டு "மாதன்" 42 என்றிருந்தால் போதும். ஒற்றை மதிப்பு என்றால் அடைப்புக்குறி போட்டாலும் ஓடும். செய்து காட்டிய அன்று அவர் தலைப்பு என்ற ஒற்றை மதிப்பை மட்டும் அச்சிட்டுக் காட்டியதால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. அதே மொழியில் மெத்தட்களை (ஒரு பொருளோடு சேர்ந்தே வரும் ஃபங்ஷன்கள்) அழைக்க அடைப்புக்குறியும் கமாவும் தேவைதான். காசு வாங்கி எழுதுபவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டாமா?

நிரலின் தலையில் ‘செட்-ஸ்ட்ரிக்ட்மோட் -வெர்ஷன் 2.0’ என்ற வரியைச் சேர்த்தால் (ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்), ஃபங்ஷனை மெத்தட் போல அழைத்த இடத்தில் கணினியே பிழை காட்டும். யார் எழுதித் தந்தாலும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் இலை போடுகிறவர்களின் பெயரும் எடையும் கொடுத்து, கண்ணெதிரே நாலைந்து சீட்டு அடிக்கச் சொல்லுங்கள்; அதன் பிறகு பணம்.

கமாவையும் அடைப்புக்குறியையும் எடுத்த பிறகு, அதே பழைய கணினியில் சீட்டு ஒழுங்காக வருகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்க அழைத்தால் அவர் போனை எடுப்பதில்லை. இப்போது குன்னூர்ப் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி.