பூசைக்கு வாசிக்க ஒரு பழைய இத்தாலிக்காரர்

உப்புவெளியில் ஞாயிறு பூசைக்குக் கீபோர்ட் வாசிப்பவள் நான். இத்தாலிய இசையமைப்பாளர் பிரெஸ்கோபால்டியின் ‘பியோரி மியூசிகாலி’ இசைப் புத்தகத்தைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். வர மூன்று கிழமை. ஒரு மூலை மடங்கி வந்தது. ஸ்பைரல் கட்டு என்பதால் ஸ்டாண்டில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாது, அது போதும்.

பிரெஸ்கோபால்டி இத்தாலியின் பெராரா நகரில் 1583இல் பிறந்தவர், 1608 முதல் ரோமின் புனித பேதுரு பேராலயத்து ஓர்கன் கலைஞர். இந்தப் புத்தகம் 1635இல் வெளிவந்தது, மூன்று பூசைகளுக்கான இசை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இதைப் பிரதி எடுத்து வைத்திருந்தார். மூலத்தில் குரலுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு மெட்டுக்கும்) ஒரு வரியாக நான்கு வரிகள். இந்தப் பதிப்பில் இரண்டாக்கியிருக்கிறார்கள். என் கண்ணுக்கு அது புண்ணியம்.

கிரியே (பூசையின் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ பகுதி) துண்டுகள் சின்னவை. காலால் மிதிக்கும் கட்டைகள் இல்லாத என் கீபோர்டிலும் சமாளிக்கலாம். ஒரு ரிச்சர்கார் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் துண்டு) மட்டும் பொல்லாதது: ஐந்தாம் குரலை வாசிக்காமல் பாட வேண்டும், எங்கே நுழைவது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மாதமாகத் தேடுகிறேன். அம்மா, “இன்னும் அதே பாட்டா பிள்ளை?” என்கிறார்.

எழுத்துதான் கொஞ்சம் பொடி. கரண்ட் போனால் மெழுகுதிரியில் தெரியாது.