சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம், 690 யூரோ போனது

மியூனிக்கில் படிக்கும் நாங்கள் நான்கு பேர், போன செப்டம்பர் செமஸ்டர் விடுமுறையில் வாடகைக் கார் எடுத்து இத்தாலி போய் வந்தோம். பிப்ரவரி விடுமுறைக்கு இப்போதே பலர் கார் தேட ஆரம்பித்திருப்பீர்கள். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புக் செய்தது நான். பணத்தை இழந்தது என் நண்பனின் அப்பா. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நால்வரில் ஓட்டத் தகுதி இருந்தவன் ஒருவன்தான். இந்திய லைசென்ஸ் ஜெர்மனியில் குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும். நாங்கள் மூன்று பேர் வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஏப்ரலில் வந்த திருச்சி நண்பன் மட்டும் அந்தக் கெடுவுக்குள் இருந்தான். ஊரிலேயே இன்டர்நேஷனல் பெர்மிட்டும் எடுத்து வந்திருந்தான். ஆகவே ஒப்பந்தம் அவன் பெயரில். கிரெடிட் கார்டும் ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். இங்கே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் டெபிட் கார்டுதானே. அவனிடம் இருந்தது, அப்பாவின் கணக்கோடு சேர்த்து ஊரில் வாங்கிக் கொடுத்த ஆட்-ஆன் கார்டு.

விலை ஒப்பிடும் தளம் ஒன்றில் ஐந்து நாளுக்கு 168 யூரோ என்று காட்டியது. பக்கத்திலேயே பச்சை நிறத்தில் ‘முழுப் பாதுகாப்பு’, 38 யூரோ. நான் அதையும் சேர்த்து வாங்கினேன். இனிமேல் கீறல் விழுந்தாலும் நம் கையிலிருந்து எதுவும் போகாது என்றுதான் நினைத்தேன். அந்த வார்த்தையைப் படிக்கும் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கவுன்டரில் இருந்தவர் என் தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “இது எங்கள் காப்பீடு இல்லை. காருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வோம். பிறகு நீங்கள் அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.” வாடகை நிறுவனத்தின் காப்பீடு வேண்டுமென்றால் நாளுக்கு 29 யூரோ, வேண்டாமென்றால் 1,100 யூரோ டெபாசிட் கார்டில் பிடித்து வைக்கப்படும் என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஐந்து நாளுக்கு 145 யூரோ என்றால் காரின் வாடகைக்கே கிட்டத்தட்ட சமம். டெபாசிட்டுக்கு ஒத்துக்கொண்டோம்.

இடைத்தரகர் விற்கும் காப்பீடு காரைக் காப்பதில்லை. நீங்கள் முதலில் முழுத் தொகையையும் இழக்க வேண்டும். பிறகு காகிதங்களைச் சேர்த்து அனுப்பி, அவர்கள் ஒப்புக்கொண்டால் பணம் திரும்ப வரும். இந்த ஒரு வரியை அந்தப் பச்சைக் கட்டத்துக்குள் போட்டிருந்தால் நான் வாங்கியிருப்பேனா என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பயணம் நன்றாகவே போனது. இன்ஸ்ப்ரூக், பிரென்னர் கணவாய், வெரோனா, ஃப்ளாரன்ஸ் என்று போக மட்டும் சுமார் 650 கிலோமீட்டர். ஆஸ்திரியாவுக்கு விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டண வில்லை) வாங்கியிருந்தோம். பிரென்னர் நெடுஞ்சாலைக்குத் தனிச் சுங்கம் உண்டு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அது சின்ன விஷயம்.

ஐந்தாம் நாள் இரவு பத்தரைக்கு மியூனிக் திரும்பினோம். அலுவலகம் மூடியிருந்தது. நேரம் கடந்து வந்தால் கேரேஜில் நிறுத்திவிட்டுச் சாவியைப் பெட்டியில் போடலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. நால்வருக்கும் அசதி. உள்ளே இருந்த பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, சாவியைப் போட்டுவிட்டு ரயில் ஏறினோம். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அதிகாலை நாலு மணிக்கு நண்பனின் அப்பாவிடமிருந்து போன். அங்கே காலை ஏழரை. “ஏம்பா, உன் கார்டை யாராவது திருடிட்டாங்களா? எழுபதாயிரத்துக்கு மேல போயிருக்கு.” அவன் எங்களை எழுப்பியபோது அவனுக்குக் குரலே வரவில்லை. பிளாக்டு அக்கவுன்டிலிருந்து (விசாவுக்காக முன்பே பணம் போட்டு, மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) மாதம் 992 யூரோ எடுத்து, அதில் வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் பார்க்கிறவர்கள் நாங்கள். 690 யூரோ என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது: முன் வலதுபக்கச் சக்கரத்தின் ரிம்மில் கீறல். இரண்டு போட்டோ இணைத்திருந்தார்கள். எடுத்தது, நாங்கள் காரை விட்டதற்கு மறுநாள் காலை 11.40-க்கு, பகல் வெளிச்சத்தில், திறந்தவெளியில். நாங்கள் நிறுத்தியதோ தரைக்கடியில் உள்ள கேரேஜில். நடுவில் காரை யாரோ ஓட்டிப்போயிருக்கிறார்கள். எடுத்த அன்று நான் காரைச் சுற்றிவந்து வீடியோ பிடித்திருந்தேன். ஆனால் இருட்டு கேரேஜில் பிடித்தது. கதவுகள் தெரிகின்றன, ரிம் கறுப்பாகத்தான் தெரிகிறது. அந்தக் கீறல் எங்களால் வரவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

‘முழுப் பாதுகாப்பு’க்காரர்களுக்கு எழுதினோம். வாடகை ஒப்பந்தம், பழுதுபார்த்த ரசீது, போட்டோக்கள், திரும்ப ஒப்படைத்தபோது இரு தரப்பும் கையெழுத்திட்ட படிவம் எல்லாம் கேட்டார்கள். சாவியைப் பெட்டியில் போட்டவனுக்கு யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்? அந்தப் படிவம் இல்லை என்று சொல்லி மூன்று வாரம் கழித்துக் கைவிரித்துவிட்டார்கள்.

தயவுசெய்து அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் காரைக் கொடுங்கள். ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டி வந்தாலும் சரி. ஊழியரைக் காரைச் சுற்றி நடக்க வைத்து, ‘புதிய சேதம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எடுக்கும்போதும் அப்படித்தான்: வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நாலு ரிம்மையும் கண்ணாடியையும் டயரையும் கிட்டப்போய் எடுங்கள். அவர்கள் தாளில் குறிக்காத பழைய கீறல் ஒன்று கண்ணில் பட்டாலும், அதைக் குறித்துத் தரும்வரை நகராதீர்கள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கட்டும்.

ஃப்ளாரன்ஸில் நடந்தது எங்கள் தவறு, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய நகருக்குள் வெளிவண்டிகளுக்கு அனுமதி இல்லாத பகுதி உண்டு. எல்லையில் கேமரா இருக்கும். பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று மின்னியது. வழி திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டோம். கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்பதுதான் அதன் பொருள். ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால் கார் எண்ணை அவர்களே பதிந்து தருவார்கள்; நாங்கள் கேட்கவில்லை. டிசம்பரில் வாடகை நிறுவனம் 45 யூரோ வீதம் இரண்டு முறை எடுத்தது. அது அபராதம் அல்ல, ஓட்டியவர் முகவரியை இத்தாலி போலீசுக்குக் கொடுத்ததற்கான கட்டணம். அபராதம் தனியாக வரும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு.

ரிம் விஷயத்தை நாங்கள் விடவில்லை. மாணவர்களுக்கான இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனோம். அங்கிருந்த வழக்கறிஞர் முதலில் கேட்டது, “ரசீது எங்கே?” என்று. வாடகை நிறுவனம் அனுப்பியிருந்தது செலவு மதிப்பீடு மட்டும். உண்மையில் பழுதுபார்த்தீர்களா, எவ்வளவு ஆனது, ஒப்படைத்த பிறகு காரை ஓட்டியது யார் என்று அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்து, எந்த விளக்கமும் இல்லாமல் 430 யூரோ திரும்ப வந்தது. முதலிலேயே இந்தக் கடிதத்தை எழுதியிருக்கலாம். அழைப்பு மையத்தோடு போனில் சண்டை போட்டே ஒரு மாதத்தை வீணாக்கினோம்.

மீதி 260 யூரோவை நால்வரும் பங்கிட்டு நண்பனின் அப்பாவுக்கு அனுப்பினோம். வேண்டாம் என்றுதான் சொன்னார், கட்டாயப்படுத்தி அனுப்பினோம். ஃப்ளாரன்ஸ் கடிதம் இன்னும் வரவில்லை. அவன் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறான்.