ஆனா ஆவன்னாவா, ட-ப-ம-வா?

மூத்தவனுக்கு விஜயதசமியன்று கோயிலில் ஏடு தொடக்கினோம். ஐயர் அவனுடைய விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவித்தார். வீட்டுக்கு வந்ததும் நானும் அதே வரிசையில் தொடர்ந்தேன்: ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா. நாலு வயதில் 12 உயிரையும் பாட்டாகவே சொல்லுவான். தரம் 1-க்குப் போகும்போது 18 மெய்யும் மனப்பாடம். ஆனால் ‘படம்’ என்று எழுதிக் காட்டினால், “பானா, டானா, இம்மன்னா” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். மூன்றையும் சேர்த்தால் என்ன சொல் என்று அவனுக்குத் தெரியாது. எழுத்துகளின் பெயரைத்தான் படிப்பித்திருக்கிறேன், ஒலியைப் படிப்பிக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

சின்னவளுக்கு வரிசையை மாற்றினேன். முதலில் ட, பிறகு ப, பிறகு ம. பெயர் சொல்லவில்லை, ஒலி மட்டுந்தான். ‘ட’ இரண்டே கோடு. இன்னொரு கோடு போட்டால் ‘ப’. ‘அ’வுக்குச் சுழி வேண்டும், வளைவு வேண்டும், பக்கத்தில் நிமிர்ந்த கோடும் வேண்டும்; ‘இ’ அதைவிடச் சிக்கல். மூன்று வயதுக் கையை நாங்கள் அங்கேதான் முதலில் கொண்டுபோய் விடுகிறோம். மெய்யில் இரண்டாவதாக ‘ங’ வருகிறது. அதில் தொடங்குகிற ஒரு பொருளை வீட்டில் எங்கே தேடிக் காட்டுவது?

நான் எதிர்பாராத உதவி எங்கள் இலங்கைத் தமிழ் முறைச்சொற்களிலிருந்து வந்தது. அ, ப, ம, குற்று (மெய்யெழுத்தின் புள்ளி), அரவு (‘மா’வில் வரும் கால்). இந்த ஐந்தும் தெரிந்தால் அம்மா, அப்பா, அம்மம்மா, அம்மப்பா, அப்பம்மா, அப்பப்பா, மாமா என்று வீட்டில் உள்ளவர்களையெல்லாம் வாசித்துவிடலாம். அப்பமும் வாசிக்கலாம். ‘ட’ சேர்ந்தால் படம், பாடம், தை மாதத்தில் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிற பட்டம்.

ஒருநாள் அம்மா குசினியில் மா அரித்துக்கொண்டிருந்தா. சின்னவள் ஒரு அட்டைத்துண்டோடு போய் நின்றாள்.

“அம்மம்மா, இது நீங்கள்.”

“ஆர் குஞ்சு சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. நானே வாசிச்சனான்.”

அம்மா மாக்கையோடு அந்த அட்டையை வாங்கி வைத்துக்கொண்டா. இன்றும் சாமியறையில் இருக்கிறது.

அதற்காக அகரவரிசை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பின்னால் அகராதி பார்க்க வரிசை வேண்டும். முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகள் ஆனா ஆவன்னா சொல்ல, இவள் பேசாமல் இருந்துவிட்டு வந்து அழுத நாளும் உண்டு. அந்த அழுகைக்கு நான்தான் காரணம். அதன்பிறகு வரிசையைப் பாட்டாகச் சைக்கிளில் போகும்போது சொல்லிக் கொடுத்தேன். வரிசை காதுக்கு, எழுத்து கைக்கு.

மூன்றாவது வழி, ஃபோனில் ஓடும் காணொளிகள். பிள்ளை அசையாமல் பார்க்கும், வேலை நடக்கும். அந்த வசதியை நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் கண்ணாடியில் விரலை இழுப்பதும் மணலில் இழுப்பதும் ஒன்றல்ல. மணல் விரலைத் தடுக்கும், எழுத்தின் வடிவம் கையில் பதியும். எனக்கு மனம் நொந்தது வேறொன்றில். நாங்கள் பார்த்தவற்றில் பல தமிழ்நாட்டில் செய்தவை. அங்கே பப்பாளி, இங்கே பப்பாசி. அங்கே ‘ட’வுக்கு டயர், எங்கள் கடைப் பலகையில் ‘ரயர்’. “அம்மம்மா பிழையாச் சொல்லுறா” என்று சின்னவள் சொன்ன அன்றைக்கு அதை நிறுத்தினேன்.

247 எழுத்து என்று கேட்டால் பயமாகத்தான் இருக்கும். உயிர்மெய் 216-ஐயும் ஒவ்வொன்றாக உருப்போடத் தேவையில்லை. அரவு எங்கே போனாலும் அரவுதான், ‘மி’யில் மேலே வரும் விசிறியும் அநேகமாக அப்படியே. கு, து, மு என்று உகர, ஊகார வரிசைகள்தான் எழுத்துக்கு எழுத்து உருமாறும். அதற்கு அவசரப்படாமல் நாள் கொடுக்க வேண்டும். அதைவிடக் கடினம் கொம்பு. எழுதும்போது முன்னால் நிற்கும், ஒலிக்கும்போது பின்னால் வரும். ‘மே’ என்று எழுதினால் பிள்ளையின் கண் முதலில் கொம்பில் போய் முட்டும். நான் ‘ம’ எழுதிய அட்டையை மேசையில் வைத்து, கொம்பு அட்டையை இடப்பக்கமிருந்து மெல்லத் தள்ளுவேன். இரண்டும் ஒட்டும்வரை வாய் திறக்கக்கூடாது, ஒட்டியதும் ‘மே’.

இரண்டு கிழமையாக இதில்தான் நிற்கிறோம். நேற்று ‘பேணி’ வாசித்தாள். ‘ணி’யில் மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.